ஒரு மடைக்காக மதகையே மூடலாமா? பைரசி தடுப்புச் சட்டமும் நம்ம இன்டர்நெட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு பைரசி பத்திப் பேசப் போறோம். திருட்டுப் படம் பார்க்கலாமா வேண்டாமான்னு கிளாஸ் எடுக்கப் போறதில்லை. அதைத் தடுக்கிறோம்னு சொல்லி என்னென்ன செய்றாங்க, அதுல யாருடைய கதவெல்லாம் சேர்ந்து மூடுது, அதுதான் இன்னிக்கு விஷயம்.

ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தோட பழைய வரலாறு படிக்கணும்னா எங்க போவீங்க? இடையன்குடியில வாழ்ந்த கால்டுவெல் 1881ல எழுதின திருநெல்வேலி வரலாறு இருக்கு. எச்.ஆர்.பேட் தொகுத்த 1917ஆம் வருஷத்து மாவட்ட கெசட்டியர் இருக்கு. இந்த ரெண்டு புத்தகத்தோட ஸ்கேனும் ஆர்கைவ் டாட் ஆர்க்ல இலவசமா கிடைக்கும். ரெண்டுக்கும் காப்புரிமைக் காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு. யார் வேணும்னாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம்.

ஆனா 2017 ஆகஸ்ட்ல, இந்தியாவுல பல இன்டர்நெட் கனெக்ஷன்கள்ல அந்தத் தளமே திறக்கல. காரணம் கால்டுவெல் இல்லை, ரெண்டு இந்திப் படம். தடை உத்தரவு கொடுத்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றம். அது எப்படி நடந்ததுன்னு புரிஞ்சுகிட்டா மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

முதல்ல ஒரு விஷயம்

பைரசியால யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு சொல்ற ஆள் நான் இல்லை. நம்ம பக்கத்துக் கதைகள் இப்பதான் சினிமாவுக்கு ஒழுங்கா வந்திட்டிருக்கு. பரியேறும் பெருமாள், கர்ணன், வாழைன்னு மாரி செல்வராஜ் எடுத்த படங்கள்ல இந்த மண்ணையும் இந்தப் பேச்சையும் பார்த்தோம். அந்த மாதிரிப் படங்களுக்கு முதல் வாரத்து வசூல் ரொம்ப முக்கியம். படம் வந்த அன்னிக்கு ராத்திரியே டெலிகிராம்ல லிங்க் சுத்தினா, அடி தயாரிப்பாளருக்கு மட்டும் இல்லை. லைட்மேன்ல இருந்து தியேட்டர் கேன்டீன் வரைக்கும் போகும். பெரிய ஸ்டார் படம் அதைத் தாங்கிக்கும். சின்னப் படம் தாங்காது.

அதனால பைரசியைத் தடுக்கணுமாங்கிறது இங்க கேள்வி இல்லை. எந்தக் கருவியால தடுக்கிறோம், அந்தக் கருவி யார் கையில இருக்கு, தப்பு நடந்தா யார் பதில் சொல்றது? இதுதான் கேள்வி.

2012: கொலவெறியும் விமியோவும்

2011 நவம்பர்ல 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூப்ல வந்தது. மக்கள் ஷேர் பண்ணிப் பண்ணியே அந்தப் பாட்டு உலகம் முழுக்கப் போச்சு. யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பகிரலாம்ங்கிற திறந்த இன்டர்நெட் கொடுத்த வெற்றி அது.

அந்தப் பாட்டு வந்த படம் '3'. 2012 மார்ச் 30 ரிலீஸ். ரிலீஸை ஒட்டி, படத்தைத் தயாரிச்ச ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஒரு 'ஜான் டோ' உத்தரவு வாங்கினாங்க. ஜான் டோன்னா பேர் தெரியாத ஆள். சாதாரண வழக்குல இன்னார் தப்பு பண்ணினார்னு சொல்லி அவருக்கு நோட்டீஸ் அனுப்புவோம். இங்க தப்பு இன்னும் நடக்கவே இல்லை. யார் பண்ணப் போறாங்கன்னும் தெரியாது. அதனால 'அசோக் குமார்' மாதிரி ஒரு கற்பனைப் பேரைப் போட்டு, வரப்போற எல்லாருக்கும் சேர்த்து முன்கூட்டியே தடை வாங்குறாங்க. கூடவே இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனிகளையும், அதாவது ஐஎஸ்பிகளையும், எதிர்த்தரப்பா சேர்க்கிறாங்க.

அடுத்து என்ன ஆச்சுன்னா, தடுக்க வேண்டிய லிஸ்ட் ஐஎஸ்பிகளுக்குப் போச்சு. மே மாசம் பார்த்தா பைரேட் பே மட்டும் இல்லை, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாமே பல கனெக்ஷன்கள்ல திறக்கல. விமியோங்கிறது குறும்படம் எடுக்கிறவங்களும் எடிட்டர்களும் தங்களோட வேலையைப் போட்டு வைக்கிற இடம். பேஸ்ட்பின்ல நம்ம மாதிரி கோடு எழுதுற ஆட்கள் கோடு துண்டுகளைப் பகிர்ந்துக்குவாங்க. படத்தைக் காப்பாத்தப் போட்ட தடை, படம் எடுக்கக் கத்துக்கிற பசங்களோட இடத்தையே மூடிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அதே 2012 ஜனவரியில அமெரிக்காவுல சோப்பா, பிப்பான்னு ரெண்டு பைரசி தடுப்பு மசோதா பரிசீலனையில இருந்தது. ஜனவரி 18 அன்னிக்கு ஆங்கில விக்கிபீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னை இருட்டாக்கி எதிர்ப்பு காட்டுச்சு. ரெண்டே நாள்ல மசோதாவை ஓரம் கட்டிட்டாங்க. அங்க எதிர்க்கிறதுக்கு ஒரு மசோதா இருந்தது, விவாதிக்க ஒரு சபை இருந்தது. இங்க ரெண்டே மாசம் கழிச்சு ஒரு இடைக்கால உத்தரவுலயே அதே வேலை முடிஞ்சுது. மசோதாவும் கிடையாது, விவாதமும் கிடையாது. பேஸ்ட்பின் தரப்பு வக்கீல்னு அந்த கோர்ட்ல யாரும் நின்னிருக்கவும் மாட்டாங்க.

ஆனா சென்னை உயர் நீதிமன்றம் அதோட விட்டுடல. ஐஎஸ்பிகள் தரப்பு திரும்பப் போய்க் கேட்டப்போ, 2012 ஜூன் மாசம் நீதிமன்றமே ஒரு தெளிவுரை கொடுத்தது. முழு இணையதளத்தையும் தடுக்கக் கூடாது. திருட்டுப் படம் இருக்கிற அந்தக் குறிப்பிட்ட யூஆர்எல்லை மட்டும்தான் தடுக்கணும். அந்த முகவரியைத் தயாரிப்பாளர்தான் கொடுக்கணும். கொடுத்த 48 மணி நேரத்துல ஐஎஸ்பி அதை மூடணும். நேர்மையான, அளவான தீர்வு. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சுத்தமல்லி மதகும் ஐஎஸ்பியும்

பிளாக் பண்றதுன்னா டெக்னிக்கலா என்ன? நம்ம தாமிரபரணியை வச்சே சொல்றேன்.

சுத்தமல்லி அணைக்கட்டுல இருந்து நெல்லை கால்வாய் பிரியுது. கால்வாய் தலைப்புல ஒரு மதகு. அதுல இருந்து கிளை வாய்க்கால்கள். ஒவ்வொரு கிளையிலயும் வயலுக்கு வயல் சின்னச் சின்ன மடை. மதகைத் திறந்து மூடுற லஸ்கர் ஒருத்தர் இருப்பார். ஏதோ ஒரு வயல்காரர் திருட்டுத்தனமா மோட்டார் போட்டுத் தண்ணி எடுக்கிறார்னு வச்சுக்குவோம். என்ன பண்ணலாம்?

அந்த வயலோட மடையை மட்டும் அடைக்கலாம். இது யூஆர்எல் பிளாக். ஒரு தளத்துல ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மூடுறது.

அந்தக் கிளை வாய்க்காலையே அடைக்கலாம். இது டொமைன் பிளாக். விமியோ டாட் காம்னு ஒரு பேர்ல இருக்கிற எல்லாமே போயிடும். திருடினவருக்கும் தண்ணி இல்லை, அதே வாய்க்கால்ல இருக்கிற மத்த நூறு பேருக்கும் இல்லை.

இல்லேன்னா தலைமதகையே இறக்கலாம். இது ஐபி பிளாக். ஐபி முகவரிங்கிறது சர்வரோட நம்பர். கிளவுட்ஃபிளேர் மாதிரி கம்பெனிகள்ல ஒரே ஐபிக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒண்ணை அடிச்சா அத்தனையும் விழும்.

இதுல லஸ்கர்தான் ஐஎஸ்பி. உத்தரவை மீறினா நீதிமன்ற அவமதிப்பு. அதிகமா மூடினா அவரை யாரும் கேட்க மாட்டாங்க. அப்போ அவர் எந்தப் பக்கம் சாய்வார்னு உங்களுக்கே தெரியும்.

எச்டிடிபிஎஸ் வந்ததால என்ன மாறுச்சு?

இங்க ஒரு முக்கியமான டெக்னிக்கல் விஷயம். 2012ல பெரும்பாலான தளங்கள் சாதாரண எச்டிடிபில ஓடுச்சு. நீங்க எந்தப் பக்கத்தைத் திறக்கிறீங்கன்னு முழு யூஆர்எல்லையும் ஐஎஸ்பி பார்க்க முடியும். அதனால ஒரு பக்கத்தை மட்டும் மூடுன்னு நீதிமன்றம் சொன்னா, அது நடைமுறையில சாத்தியம்.

இப்போ கிட்டத்தட்ட எல்லாமே எச்டிடிபிஎஸ். பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவுல போற எல்லாம் என்கிரிப்ட் ஆகிடும். கனெக்ஷன் தொடங்கும்போது தளத்தோட பேர் மட்டும் வெளிய தெரியும். அதுக்கு எஸ்என்ஐன்னு பேரு. அந்தத் தளத்துக்குள்ள எந்தப் பக்கம்னு ஐஎஸ்பிக்குத் தெரியவே தெரியாது. வாய்க்கால்ல தண்ணி ஓடின காலம் போய், மூடின பைப்புல ஓடுற மாதிரி. எந்தக் கிளைக்குப் போகுதுன்னு லஸ்கருக்குத் தெரியும். எந்த வயலுக்குன்னு தெரியாது.

இதோட அர்த்தம் என்னன்னா, 2012ல சென்னை உயர் நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பாதுகாப்பை இன்னிக்கு ஒரு ஐஎஸ்பியால நிறைவேத்தவே முடியாது. ஒரு பக்கத்தை எடுக்கணும்னா அந்தத் தளத்துக்காரங்ககிட்டதான் கேட்கணும். ஐஎஸ்பிகிட்ட போனா மொத்த டொமைனும் போகும். ஆர்கைவ் டாட் ஆர்க் மாதிரி ஒரு நூலகத்துல யாரோ ஒருத்தர் ஒரு திருட்டுப் படத்தை அப்லோடு பண்ணினா, நூலகமே போகும்.

லிஸ்ட் எப்படி வளர்ந்தது?

2016 ஜூலை, கபாலி. தயாரிப்பாளர் தாணு கேட்டதும் 225 தளங்களைத் தடுக்கச் சொன்னாங்க. 2017 ஆகஸ்ட், 'ஜப் ஹாரி மெட் செஜல்', 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' படங்களுக்காக சுமார் 2,600 தளங்கள். ஆர்கைவ் டாட் ஆர்க் மாட்டினது இந்த லிஸ்ட்லதான். 2018 நவம்பர், 2.0 ரிலீஸுக்கு முந்தின நாள், லைக்கா கேட்டு 37 ஐஎஸ்பிகளுக்கு உத்தரவு. லிஸ்ட்ல 12,564 தளங்கள்.

பன்னிரண்டாயிரத்து ஐநூத்தி அறுபத்தி நாலு. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு தளத்தைத் திறந்து பார்த்து, இது நிஜமாவே திருட்டுத் தளமான்னு முடிவு பண்ண அஞ்சு நிமிஷம்னு வச்சுக்கோங்க. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஆகும். தினம் எட்டு மணி நேரம் ஒருத்தர் உட்கார்ந்தா நாலு மாசத்துக்கு மேல. இந்த அளவு லிஸ்ட்டை ரிலீஸ் அவசரத்துல எந்த நீதிபதியாலயும் ஒவ்வொண்ணா பார்க்க முடியாது. படக் கம்பெனி கொடுத்த லிஸ்ட்டை நம்பித்தான் ஆகணும். அதாவது யாரைத் தடுக்கணும்ங்கிற முடிவை எடுக்கிறது, வழக்குப் போட்டவரேதான்.

2017ல இன்டர்நெட் ஆர்கைவ்காரங்க, தங்களுக்கு எந்த நோட்டீஸும் வரலைன்னு சொன்னாங்க. உலகத்துலயே பெரிய டிஜிட்டல் நூலகங்கள்ல ஒண்ணு. அவங்களுக்கே தகவல் இல்லை. வண்ணாரப்பேட்டையில ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ தன்னோட வெப்சைட்டை இப்படி இழந்தா, அவங்களுக்கு யார் சொல்லப் போறாங்க? சென்னையில போய் வக்கீல் வைக்கிற செலவுக்கு நாலு கல்யாண ஆர்டர் எடுக்கணும்.

மும்பையில ஒரு நீதிபதி கேட்ட கேள்வி

இதெல்லாம் வேற மாதிரி செய்யவே முடியாதான்னு கேட்டா, முடியும். 2016ல 'டிஷ்யூம்' படத்துக்காக மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. நீதிபதி கௌதம் படேல், முழுத் தளங்களைத் தடுக்கச் சொல்லிக் கேட்டதை அப்படியே கொடுக்க மறுத்துட்டார். ஒவ்வொரு லிங்க்கையும் சரிபார்த்துட்டு வாங்க, சரிபார்த்தோம்னு பிரமாணப் பத்திரம் போடுங்கன்னு சொன்னார். தடுத்த பக்கத்துல என்ன வழக்கு, எந்த உத்தரவுன்னு தெரியணும், பாதிக்கப்பட்டவங்க வந்து முறையிட வழி இருக்கணும்னும் சொன்னார்.

அதே வருஷம் இன்னொரு பீதியும் கிளம்புச்சு. தடுத்த தளத்தைப் பார்த்தாலே மூணு வருஷம் ஜெயில்னு வாட்ஸ்அப் முழுக்க ஓடுச்சு. தடைப் பக்கத்துல இருந்த வாசகமும் அப்படித்தான் இருந்தது. வெறுமனே பார்க்கிறது குற்றம் இல்லை, பிரதி எடுத்துப் பரப்புறதுதான் குற்றம்னு அதே நீதிபதிதான் தெளிவுபடுத்தினார். எது குற்றம்னு சொல்ற பலகையிலயே தப்பு இருந்தா, படிக்கிறவங்க எதை நம்புவாங்க?

நீதிமன்றமும் வேண்டாம்ங்கிற கட்டம்

2019 ஏப்ரல்ல டெல்லி உயர் நீதிமன்றம் 'டைனமிக் இன்ஜங்ஷன்'னு ஒரு முறையைக் கொண்டு வந்தது. ஒரு திருட்டுத் தளத்தை மூடினா அது வேற பேர்ல முளைக்கும். தமிழ்ராக்கர்ஸ் எத்தனை பேர்ல வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் புது வழக்கு போட வேண்டாம், அதே உத்தரவுல புதுப் பேரைச் சேர்த்துக்கலாம்னு சொன்னாங்க. அதுக்காவது முழுக்க முழுக்கத் திருட்டுக்காகவே நடக்கிற தளமான்னு பார்க்கச் சில அளவுகோல் வச்சாங்க. 2023ல அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், இனிமே வரப்போற படங்களுக்கும் சேர்த்தே பாதுகாப்பு கொடுத்தது.

இதெல்லாம் நீதிமன்றத்துக்குள்ள நடந்தது. 2023 ஆகஸ்ட்ல திரைப்படச் சட்டத் திருத்தம் வந்தது. தியேட்டர்ல கேமரா வச்சுப் படம் பிடிச்சாலோ, அந்தப் பிரதியைப் பரப்பினாலோ, குறைஞ்சது 3 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அபராதம் 3 லட்சத்துல ஆரம்பிச்சு, படத்தோட தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரை. இந்தத் தண்டனை பத்தி எனக்குப் பெரிய புகார் இல்லை. தியேட்டர்ல கேமரா வச்சவர் யாருன்னு நிரூபிச்சுத்தான் ஆகணும்.

எனக்குக் கேள்வி அதுக்கு அடுத்து வந்ததுல. அதே வருஷம் நவம்பர்ல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 12 நோடல் அதிகாரிகளை நியமிச்சுது. காப்புரிமை வச்சிருக்கிறவர் இவங்ககிட்ட புகார் கொடுத்தா போதும். அதிகாரி உத்தரவு போட்டா, 48 மணி நேரத்துக்குள்ள யூடியூபோ, டெலிகிராமோ, ஒரு வெப்சைட்டோ அதை நீக்கணும், இல்லேன்னா லிங்க் தடுக்கப்படும். நடுவுல நீதிபதி கிடையாது.

வேகம் நல்லதுதானேன்னு கேட்கலாம். முதல் வாரத்துல படத்தைக் காப்பாத்தணும்னா வேகம் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா வேகமா மூடுறதுக்கு 48 மணி நேரம்னு இருக்கு. தப்பா மூடினதைத் திறக்க அதே மாதிரி ஒரு கெடு எங்க?

இதோட நம்ம மாநிலத்துக்குன்னு ஒரு தனிக் கதை உண்டு. குண்டர் சட்டம்னு நம்ம சொல்ற 1982ஆம் வருஷச் சட்டத்துல, 2004ல வீடியோ பைரசி பண்றவங்களையும் சேர்த்தாங்க. அதாவது வழக்கு விசாரணை முடியாமலேயே ஒரு வருஷம் வரை தடுப்புக் காவல்ல வைக்க வழி இருக்கு. சாராயம் கடத்துறவர், ரவுடி, கூடவே திருட்டு விசிடி விக்கிறவர். விசிடி கடைகள் போயிடுச்சு, சட்டம் அப்படியே இருக்கு.

கேட்டாலே எடுத்துடுவாங்க

நீதிமன்றமும் இல்லாம, அதிகாரியும் இல்லாம நடக்கிறது இன்னொண்ணு. காப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தப்படி, யாராவது ஒரு தளத்துக்குப் புகார் அனுப்பினா, 36 மணி நேரத்துக்குள்ள அந்த லிங்க்கை முடக்கணும். 21 நாளுக்குள்ள புகார் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டு வரலேன்னா, திரும்ப வச்சுக்கலாம். 'வச்சுக்கலாம்'தான். வச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

இதுல என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்கு. 2011ல பெங்களூரு சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டிக்காக ஒரு ஆய்வாளர், வேணும்னே குறையுள்ள நீக்கல் நோட்டீஸ்களை 7 நிறுவனங்களுக்கு அனுப்பினார். அது காப்புரிமை பத்தி மட்டும் இல்லை, அப்போ புதுசா வந்திருந்த ஐடி விதிகளைச் சோதிக்கிறதுக்காகப் பண்ணினது. 7ல 6 நிறுவனங்கள் தேவைக்கு அதிகமாவே நீக்கினாங்க. காரணம் எளிது. நீக்கினா சிக்கல் இல்லை. நீக்கலேன்னா வழக்கு வரலாம். நீங்க அந்த கம்பெனியில வேலை பார்த்தாலும் நீக்கத்தான் செய்வீங்க.

படத்தை விமர்சனம் பண்றதுக்கு ஒரு சின்ன கிளிப் பயன்படுத்துறது, நம்ம காப்புரிமைச் சட்டம் பிரிவு 52லயே நியாயமான பயன்பாடா ஏத்துக்கிட்ட விஷயம். ஆனா அந்த உரிமையைப் பேச, நீங்க 36 மணி நேரத்துக்குள்ள வக்கீலோட நிக்கணும்.

வெளிநாட்டுல சரியா பண்றாங்களா?

அப்படிச் சொல்ல முடியாது. இத்தாலியில 2023ல ஒரு சட்டம் போட்டு 'பைரசி ஷீல்டு'ன்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க. கால்பந்து லைவ் திருடறாங்கன்னு ஒரு முகவரியைப் போட்டா, 30 நிமிஷத்துல ஐஎஸ்பிகள் மூடணும். 2024 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை கூகுள் டிரைவோட டவுன்லோடு டொமைனையே மூடிட்டாங்க. நாடு முழுக்க மாணவர்களும் ஆபீஸ்காரங்களும் ஃபைல் எடுக்க முடியாம தவிச்சாங்க.

ஸ்பெயின்ல 2025 பிப்ரவரில இருந்து லா லிகா மேட்ச் நடக்கிற நேரத்துல கிளவுட்ஃபிளேர் ஐபிகளைத் தடுக்கிறாங்க. நான் மேல சொன்ன தலைமதகு கதைதான். கால்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத கடைகளோட வெப்சைட்டும் வார இறுதியில படுத்துடுது. ஸ்பெயின்லயும் அது நீதிமன்ற அனுமதியோடதான் நடக்குது.

அப்போ என்ன வேணும்?

பைரசிச் சட்டமே வேண்டாம்னு நான் கேட்கல. அஞ்சு விஷயம் கேட்கிறேன்.

ஒண்ணு: லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் ஒரு மனுஷர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். தப்பா இருந்தா அவங்க பொறுப்பு.

ரெண்டு: ஆர்கைவ், விமியோ, கூகுள் டிரைவ் மாதிரி பொதுப் பயன்பாட்டுத் தளமா இருந்தா, முதல்ல அந்தத் தளத்துக்கிட்ட கேட்கணும். அவங்க எடுக்கலேன்னாதான் அடுத்த படி. எச்டிடிபிஎஸ் காலத்துல 2012 தெளிவுரையை நடைமுறைப்படுத்த எனக்குத் தெரிஞ்சு இந்த வழிதான் இருக்கு.

மூணு: தடுத்த பக்கத்துல எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண், எந்தத் தேதி, யார்கிட்ட முறையிடணும்னு இருக்கணும். இப்போ பெரும்பாலும் வர்றது, அரசாங்க உத்தரவுப்படி தடுக்கப்பட்டதுன்னு ஒரு மொட்டை வரி. சில கனெக்ஷன்ல அது கூட வராது, பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும். தடையா, நெட் ஸ்லோவான்னே தெரியாது.

நாலு: தடைக்குக் காலாவதி தேதி வேணும். முதல் மாச வசூலுக்காகப் போட்ட தடை அஞ்சு வருஷம் கழிச்சும் ஏன் இருக்கணும்? ஆறு பெரிய ஐஎஸ்பிகளை ஒப்பிட்டு 2020ல வந்த ஒரு ஆய்வு, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமான லிஸ்ட்டைத் தடுக்கிறதா காட்டுச்சு. உத்தரவு ஒண்ணா இருந்தும், உங்க நெட்டும் பக்கத்து வீட்டு நெட்டும் வேற வேற.

அஞ்சு: தப்பா மூடினதைத் திறக்கவும் அதே 48 மணி நேரம்.

நேயர் கேள்விகள்

விபிஎன் போட்டா வேலை முடிஞ்சுதே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு சிலர் கேட்டிருக்கீங்க. விபிஎன் பார்க்கிறவருக்கு உதவும். வெப்சைட் நடத்துறவருக்கு உதவாது. உங்க கடைக்கு வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தரும் விபிஎன் போட்டுட்டு வர மாட்டாங்க. அது மட்டும் இல்லை, படத்தைத் திருடறவர்தான் முதல் ஆளா விபிஎன் போடுவார். தடையில முழுசா மாட்டுறது அது பத்தித் தெரியாத சாதாரண ஆள்தான்.

எங்க தளம் திறக்கலேன்னா என்ன பண்றது? முதல்ல ரெண்டு மூணு வேற கனெக்ஷன்ல பாருங்க. ஊனி ப்ரோப்னு ஒரு இலவச ஆப் இருக்கு, தடை எந்த வகைன்னு கண்டுபிடிக்க உதவும். ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோட சேமிச்சு வையுங்க. அப்புறம் ஐஎஸ்பியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல கேளுங்க: எந்த உத்தரவுப்படி தடுத்திருக்கீங்க, நகல் கொடுங்க. வாய்ல கேட்டா பதில் வராது. டெல்லியில இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் மாதிரி அமைப்புகள் இந்த விஷயத்துல தொடர்ந்து வேலை செய்றாங்க, அவங்களுக்கும் எழுதலாம்.

இது எல்லாம் படக் கம்பெனிக்கு எதிரான பேச்சு இல்லையான்னும் ஒரு கேள்வி. எனக்கு அப்படித் தோணல. நாளைக்குப் பாளையங்கோட்டையில இருந்து ஒரு பொண்ணு குறும்படம் எடுத்து விமியோவுல போடுவா. அவளும் படைப்பாளிதான், அவளுக்கும் காப்புரிமை இருக்கு. பெரிய படத்தோட காப்புரிமைக்காக அவ படத்தை யாரும் பார்க்க முடியாமப் பண்றதைப் படைப்பாளிகளைக் காப்பாத்துறதுன்னு என்னால சொல்ல முடியல.

சென்னை உயர் நீதிமன்றம் 2012 ஜூன்லயே சரியான பதிலைச் சொல்லிடுச்சு: எங்க தப்பு இருக்கோ அங்க மட்டும் கை வை. அதுக்கப்புறம் லிஸ்ட் பெருசாச்சு, டெக்னாலஜி மாறுச்சு, நீதிபதி இருந்த இடத்துக்கு அதிகாரி வந்தார். அடுத்த பெரிய படம் ரிலீஸ் ஆகும்போது, இத்தனை ஆயிரம் தளங்களுக்குத் தடைன்னு செய்தி வந்தா, அந்த லிஸ்ட்டை யார் பார்த்தாங்கன்னு ஒரு தடவை கேளுங்க. படத்தைத் தியேட்டர்லயே பாருங்க, அது வேற விஷயம்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா நண்பர்களுக்கு அனுப்புங்க. உங்க ஏரியாவுல ஏதாவது தளம் காரணமே இல்லாம திறக்காம இருந்தா, ஸ்கிரீன்ஷாட்டும் எந்த ஐஎஸ்பிங்கிறதும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல அதையும் பார்ப்போம். அடுத்த வாரம் சந்திக்கலாம்.